கடல் தாண்டிய கூலிக்கு யார் பொறுப்பு?

மதுரை பாரதி உலா வீதியில் உள்ள மண்டல பாஸ்போர்ட் அலுவலகம் 2007இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பு மேலூர்க்காரரும் உசிலம்பட்டிக்காரரும் பாஸ்போர்ட்டுக்காகத் திருச்சிக்குப் போய்வந்தார்கள். இன்று தென் மாவட்டங்கள் பலவற்றுக்கும் இதுதான் அலுவலகம். ஒரே தெருவைச் சேர்ந்த இருவர் இங்கே விண்ணப்பிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பத்தாம் வகுப்பு தேறியவர். மற்றவர் எட்டாம் வகுப்போடு நின்று கொத்தனார் வேலைக்குப் போனவர். இருவருக்கும் ஒரே நீல நிறப் பாஸ்போர்ட்தான் வரும். ஆனால் கொத்தனாருடையதில் மட்டும், வேலைக்கு வெளிநாடு போகுமுன் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். ஊரில் அதை ஈசிஆர் பாஸ்போர்ட் என்பார்கள்.

அந்தக் குறிப்பு உள்ளவர் சவூதி, அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால், இந்திய அரசின் குடியகல்வோர் பாதுகாவலர் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக்கு அந்த அலுவலகம் சென்னையில் இருக்கிறது. அனுமதி இல்லாமல் வேலை விசாவோடு விமான நிலையத்துக்குப் போனால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். பத்தாம் வகுப்பு தேறியவருக்கு இந்தத் தடை எதுவும் இல்லை. படித்தவன் தன்னைத் தானே காத்துக்கொள்வான், படிக்காதவனை அரசு காக்க வேண்டும் என்பது இந்த ஏற்பாட்டின் அடிப்படை. இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், வளைகுடாவில் எண்ணெய் வியாபாரம் தொடங்குவதற்கு முந்தைய காலத்துக்குப் போய்ச் சேர்வோம்.

மதுரையிலிருந்து மண்டபத்துக்கு 1902இல் ரயில் பாதை போடப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன வழிகளில் அது முக்கியமானது. மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம், தஞ்சாவூர் மாவட்டங்களின் வறண்ட கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் போனார்கள். மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய முகாமில் சில நாள் தங்க வைத்து, காலரா, பிளேக் இல்லை என்று உறுதி செய்துகொண்டுதான் கப்பல் ஏற்றினார்கள். இந்திய மண்ணில் இலங்கை அரசின் முகாம் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆள் தேவைப்படும் நாடு, ஆள் கிடைக்கும் நாட்டுக்குள்ளேயே வந்து, எவரை எடுப்பது, எவரைத் தள்ளுவது என்று முடிவு செய்தது. 

ஆள் சேர்த்தவர் கங்காணி. அவர் வேற்றாள் இல்லை. பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல நேரங்களில் உறவினர். ஊரிலிருந்த கடனை அடைக்கவும் வழிச்செலவுக்கும் முன்பணம் கொடுப்பார். தோட்டத்தில் கால் வைக்கும்போதே தொழிலாளி கடனாளி. ஒரு கங்காணி தன் ஆட்களோடு வேறு தோட்டத்துக்கு மாற நினைத்தால், இன்ன தொகையைக் கட்டினால் இவர்களை விடுவிக்கிறோம் என்று பழைய தோட்டத்துத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதற்குத் துண்டு என்று பெயர். தோட்டத்துக்குத் தோட்டம் துண்டு கைமாறும்போது அதிலிருந்த தொகையும் ஏறிக்கொண்டே போகும், அந்தக் கடன் தொழிலாளியின் தலையில் விழும். 1921இல்தான் இலங்கையில் சட்டம் போட்டுத் துண்டை ஒழித்தார்கள்.

அடுத்த ஆண்டு, 1922இல், இந்தியக் குடியகல்வுச் சட்டம் வந்தது. ஒப்பந்தக் கூலி முறைக்கு எதிராக நாடு முழுவதும் எழுந்த எதிர்ப்பின் விளைவு அது. உடலுழைப்புத் தொழிலாளிகள், அரசு அறிவிக்கும் நாடுகளுக்கு, அரசு சொல்லும் நிபந்தனைகளின்படிதான் போகலாம் என்றது சட்டம். நிபந்தனைகள் காகிதத்தோடு நிற்கவில்லை. கண்டியிலும் கோலாலம்பூரிலும் இந்திய அரசின் ஏஜென்ட் ஒருவர் உட்கார்ந்தார். தோட்டங்களுக்குப் போய்ப் பார்த்து ஆண்டுதோறும் அறிக்கை எழுதினார். இலங்கையில் இந்தியத் தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயிக்க 1927இல் சட்டம் பிறந்ததில் இந்த நெருக்குதலுக்குப் பங்கு உண்டு.

1938இல் மலாயாவில் நடந்தது இன்னும் தெளிவான உதாரணம். ரப்பர் விலை சரிந்தது என்று காரணம் சொல்லி, ஆணின் நாள் கூலியை 50 சென்ட்டிலிருந்து 45 ஆகவும், பெண்ணின் கூலியை 40இலிருந்து 35 ஆகவும் தோட்டக்காரர்கள் குறைத்தார்கள். அதற்கு முன்பே இந்திய அரசின் சார்பில் வி. எஸ். சீனிவாச சாஸ்திரி அங்கே போய் நிலைமையைப் பார்த்து, கங்காணி வழியாக ஆள் சேர்ப்பதை நிறுத்தலாம் என்று பரிந்துரைத்திருந்தார். கூலி குறைந்ததும் இந்திய அரசு 1938 ஜூனில் மலாயாவுக்கு உடலுழைப்புத் தொழிலாளிகளை அனுப்புவதையே நிறுத்திவிட்டது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் இலங்கைக்கும் கதவு சாத்தப்பட்டது. இலங்கை அரசுத் துறைகளில் தினக்கூலிக்கு இருந்த இந்தியர்களை வேலையை விட்டு அனுப்பியதற்கு அது பதிலடி.

அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். ஆண்டவர்கள் வெள்ளையர்கள். ஏஜென்ட் எழுதிய அறிக்கைகளில் பல அலமாரியில் தூங்கின. கதவு சாத்தியபோது, அக்கரையில் இருந்தவர்கள் ஊருக்கு வந்து திரும்புவதும் சிக்கலானது. ஆனாலும் அதில் ஒரு விஷயத்தைக் கற்க முடியும். அனுப்பும் நாட்டின் கையில் இரண்டு கருவிகள் இருந்தன: கூலிக்கு ஒரு தரை, புறப்பாட்டுக்கு ஒரு கதவு. தரை இறங்கினால் கதவு மூடும். இரண்டும் சேர்ந்திருந்ததால்தான் இரண்டுக்கும் பலம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்தியா, இலங்கை, மலாயா மூன்றும் ஒரே முடியின் கீழ் இருந்ததால், ஒன்றின் அதிகாரி மற்றொன்றின் தோட்டத்துக்குள் நுழைந்து பார்க்க முடிந்தது. விடுதலைக்குப் பிறகு அந்த வழி அடைபட்டது. எல்லைக்கு அப்பால் நம் சட்டம் செல்லாது.

1973க்குப் பிறகு எண்ணெய் விலை ஏறி, வளைகுடா நாடுகளுக்கு ஆள் தேவை பெருகியது. பழைய சட்டத்தை எடுத்துவிட்டு 1983இல் இன்றுள்ள குடியகல்வுச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்பே, 1978இல், தமிழ்நாடு அரசு அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்தைத் தொடங்கியிருந்தது. 1983 சட்டப்படி ஆள் சேர்க்கிறவர் அரசிடம் பதிவு செய்து, பெருந்தொகைக்கு வங்கி உத்தரவாதம் கட்ட வேண்டும். இப்போது எல்லாம் இமைகிரேட் என்ற இணையதளம் வழியாக நடக்கிறது. வெளிநாட்டு முதலாளி அதில் பதிந்து, எத்தனை பேர், என்ன வேலை, என்ன சம்பளம் என்று தெரிவிக்க வேண்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் ஆளை இணைப்பார். பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீடு எடுக்க வேண்டும்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375 ரூபாய், இறப்புக்கு 10 லட்ச ரூபாய். இதெல்லாம் முடிந்தால் அனுமதி.

ஏஜென்ட் தொழிலாளியிடம் வாங்கக்கூடிய கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், அதோடு 18 சதவீத ஜிஎஸ்டி. கூட்டினால் 35,400. மதுரைச் சுற்றுவட்டாரத்தில் வெளிநாடு போனவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், இந்தத் தொகையோடு போனதாகச் சொல்கிறவரைக் காண்பது அரிது. வித்தியாசம் எங்கே போகிறது? பதிவு பெற்ற ஏஜென்ட் சென்னையிலோ மும்பையிலோ இருக்கிறார். கிராமத்துக்கும் அவருக்கும் நடுவே சப்-ஏஜென்ட்டுகள் இருவர் மூவர். சட்டத்தின் பார்வையில் அவர்கள் இல்லவே இல்லை. ரசீதும் இல்லை. ஆனால் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள் அவர்கள்தான். "விசா வந்துருச்சு மாமா, பாஸ்போர்ட்டக் குடுங்க" என்று வீட்டு வாசலில் வந்து நிற்கிற பையன் சொந்தக்காரனாகவே இருப்பான். அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தன் முதலாளியிடமிருந்து விசாவை விலைக்கு வாங்கி, ஊரில் இருப்பவருக்கு விற்பதும் உண்டு. அந்த விசாவின் விலையில் ஒரு பகுதி அங்கே இருக்கும் முதலாளிக்கே போகிறது. ஆள் எடுப்பதற்குச் செலவு செய்ய வேண்டியவர், ஆள் எடுப்பதிலேயே சம்பாதிக்கிறார். இதில் எனக்கு மிகுந்த கோபம் உண்டு. கங்காணி கொடுத்த முன்பணமாவது தோட்டத்துரையின் பெட்டியிலிருந்து வந்தது. இன்றைய தொழிலாளி தன் மனைவியின் நகையை அடகு வைத்து, தானே அந்த முன்பணத்தைக் கட்டிப் புறப்படுகிறார்.

கடனோடு போனவர் அங்கே என்ன செய்ய முடியும்? இங்கே கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் ஒரு சம்பளம், அங்கே போனதும் நீட்டப்படும் அரபு ஒப்பந்தத்தில் வேறொரு சம்பளம். மறுத்தால் திரும்ப வேண்டும். திரும்பினால் வட்டி கட்ட வழியில்லை. எனவே கையெழுத்துப் போடுகிறார். வேறு முதலாளியிடம் மாறலாம் என்றால், பல இடங்களில் கஃபீலின், அதாவது விசா கொடுத்த முதலாளியின், சம்மதம் வேண்டும். தங்கும் உரிமையைத் தரும் இகாமா அட்டை கஃபீலின் பெயரோடு கட்டுண்டது. அவர் விடுவிப்புக் கடிதம் தராமல் வெளியேறினால், ஓடிப்போனவர் என்று புகார், பிறகு அவுட் பாஸ் என்ற வெளியேறும் சீட்டு வாங்கித் திரும்பும் நிலை. 1921இல் ஒழித்த துண்டுக்கும் இந்தக் கடிதத்துக்கும் வேலை ஒன்றுதான். கத்தார் 2020இல் இந்தக் கடிதம் தேவையில்லை என்று சட்டத்தைத் திருத்தியது. மாதம் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளமும் கொண்டுவந்தது. உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அரங்கம் கட்டிய தொழிலாளிகளின் நிலை உலகம் முழுவதும் பேசப்பட்டதும், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பில் புகார் போனதும் அதற்குக் காரணம். சவூதி 2021 மார்ச்சில் ஓரளவு தளர்த்தியது, ஆனால் வீட்டு வேலையாட்களை விட்டுவிட்டது.

இந்த மாற்றங்களில் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கைக்கு என்ன பங்கு என்று கேட்டால், மிகச் சிறிய பங்குதான். புலம்பெயர் தொழிலாளர்களுக்கும் அவர்கள் குடும்பத்தாருக்குமான உரிமை உடன்படிக்கை 1990இல் ஐநாவில் நிறைவேறி, 2003இல் நடைமுறைக்கு வந்தது. அதை ஏற்றவை பெரும்பாலும் ஆளை அனுப்பும் நாடுகள். இலங்கை 1996இலும் பிலிப்பைன்ஸ் 1995இலும் ஏற்றன. ஆளைப் பெருமளவில் வாங்கும் பணக்கார நாடுகள் ஏற்கவில்லை, வளைகுடா நாடுகளும் ஏற்கவில்லை. இந்தியாவும் ஏற்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம். 2018 டிசம்பரில் மராகெஷ் நகரில் ஏற்கப்பட்ட இடம்பெயர்வுக்கான உலக உடன்பாட்டுக்கு ஐநா பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரவு தந்தன. இந்தியாவும் அதில் ஒன்று. ஆனால் அது யாரையும் சட்டப்படி கட்டாது.

கட்டுவது போலத் தோன்றுபவை இரு நாட்டு ஒப்பந்தங்கள். அமீரகத்தோடு 2006, 2011, குவைத்தோடு 2007, ஓமனோடு 2008, மலேசியாவோடும் பஹ்ரைனோடும் 2009, சவூதியோடு வீட்டு வேலையாட்களுக்காக 2014 என்று வரிசையாகக் கையெழுத்தாகியிருக்கின்றன. இவற்றில் பல புரிந்துணர்வுக் குறிப்புகள். கூட்டுக் குழு கூடிப் பேசும் என்பது அவற்றின் முக்கிய ஷரத்து. சம்பளம் வராத தொழிலாளி அந்தக் காகிதத்தைக் காட்டி எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட முடியாது. 2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்று எரிந்ததில் இறந்த இந்தியர்களில் ஏழு பேர் தமிழர்கள். ஒரு கட்டடத்தில் எத்தனை பேரை அடைத்து வைக்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் முழுக்க அந்த நாட்டிடம்தான் இருந்தது.

அப்படியானால் அனுப்பும் நாட்டுக்கு ஒன்றும் கையில் இல்லையா? பிலிப்பைன்ஸைப் பார்க்கலாம். 2018 பிப்ரவரியில் குவைத்தில் பிலிப்பைன்ஸ் பணிப்பெண் ஒருவரின் உடல், ஆளற்ற வீட்டின் உறைபெட்டியில் கண்டெடுக்கப்பட்டது. அந்த நாடு குவைத்துக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. மே மாதம் குவைத் ஒப்பந்தத்துக்கு வந்தது. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைக்கக் கூடாது, செல்போன் வைத்துக்கொள்ளலாம் என்பவை எழுத்தில் வந்தன. 1938இல் இந்தியா செய்ததைப் போலவே கதவைச் சாத்தினார்கள்; நிபந்தனை கிடைத்த பிறகு திறந்தார்கள்.

இந்தியா தன் கருவிகளை எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு 2020 செப்டம்பர் ஒரு சாட்சி. வளைகுடா நாடுகளுக்குப் போகும் தொழிலாளிக்குக் குறைந்தபட்சப் பரிந்துரைச் சம்பளம் என்று இந்தியா ஒரு வரம்பு வைத்திருந்தது. அதற்குக் கீழே சம்பளம் சொன்னால் அனுமதி கிடைக்காது. பழைய அரசு ஏஜென்ட்டுகள் காத்த தரைக்கு இதுவே இன்றைய வாரிசு. கொரோனா காலத்தில், சம்பளப் பாக்கியைக்கூட வாங்காமல் ஆயிரக்கணக்கானோர் திரும்பிக்கொண்டிருந்தபோது, இந்திய அரசே அந்த வரம்பை 30 முதல் 50 சதவீதம் வரை குறைத்தது. வேலைகள் வேறு நாட்டவருக்குப் போய்விடக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம். தொழிலாளர் அமைப்புகள் எதிர்த்தன, தெலங்கானா உயர் நீதிமன்றத்தில் வழக்கும் போடப்பட்டது. 2021 ஜூலையில் பழைய வரம்பே தொடரும் என்று நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது. மலாயாவில் தோட்டக்காரர்கள் கூலியைக் குறைத்தபோது கதவைச் சாத்திய தேசம், இந்த முறை தானே கூலியைக் குறைத்தது.

அரசு சொன்ன காரணத்தைப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது. நேபாளமும் வங்கதேசமும் பாகிஸ்தானும் இலங்கையும் அதே வேலைக்கு ஆள் அனுப்புகின்றன. ஒரு நாடு தரையை உயர்த்தினால் முதலாளி பக்கத்து நாட்டுக்குப் போவார். இந்தப் போட்டியைக் குறைக்கத்தான் 2003இல் கொழும்பில் ஆசிய நாடுகள் கூடி, கொழும்புச் செயல்முறை என்ற அமைப்பைத் தொடங்கின. இன்று 12 நாடுகள் அதில் இருக்கின்றன. அவை கூடிப் பேசுகின்றன, பயிற்சிகள் நடத்துகின்றன. ஆனால் கொத்தனாருக்கு இன்ன சம்பளத்துக்குக் குறைவாக நாங்கள் யாரும் அனுப்ப மாட்டோம் என்று அவை ஒருமுறைகூடச் சேர்ந்து சொன்னதில்லை. 2024 மே மாதம் இந்தியா அதன் தலைமையை ஏற்றது. சொல்ல வேண்டிய இடத்துக்கு அப்போது நாம்தான் வந்தோம்.

கதவை மட்டும் சாத்தினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடமே பாடம் இருக்கிறது. ஈசிஆர் பாஸ்போர்ட் உள்ள பெண் 30 வயதுக்குக் கீழே இருந்தால், அந்த 18 நாடுகளுக்கு வீட்டு வேலைக்குப் போக அனுமதி இல்லை. பாதுகாப்புக்காகத்தான் விதி. ஆனால் வீட்டில் அடுப்பெரிய வேண்டிய கட்டாயம் வயதைப் பார்ப்பதில்லை. சப்-ஏஜென்ட் விசிட் விசா எடுத்து அனுப்புகிறார். அப்படிப் போனவரின் பெயர் இமைகிரேட்டில் இல்லை, காப்பீடு இல்லை, ஒப்பந்தம் இல்லை. தூதரகத்துக்கு அவர் அங்கிருப்பதே தெரியாது. காக்க எழுதிய விதி, காக்கப்பட வேண்டியவரையே கணக்கிலிருந்து வெளியே தள்ளிவிடுகிறது. செவிலியர்களுக்கு 2015இல் வேறு வழி கண்டார்கள். அதே 18 நாடுகளுக்கு அரசு நிறுவனங்கள் வழியாக மட்டுமே போகலாம் என்றார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பு 1978இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்துக்கு வந்தது. கதவைச் சாத்தாமல், கதவில் நம்பகமான ஆளை நிறுத்தும் முறை இது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கும் இதைத்தான் பெரிதாக்க வேண்டும்.

இனி, பத்தாம் வகுப்பு தேறியவரிடம் வருவோம். அவருக்குச் சோதனை இல்லை, எனவே காப்பீட்டுக் கட்டாயமும் ஒப்பந்தச் சரிபார்ப்பும் இல்லை. 2022இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன தமிழ் இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்குக் கொண்டுபோகப்பட்டு, இணைய மோசடிக் கும்பல்களிடம் அடிமைப்பட்டார்கள். மீட்கப்பட்டவர்களில் ஒரு குழு அந்த ஆண்டு அக்டோபரில் சென்னை வந்திறங்கியது. அவர்கள் படித்தவர்கள். படிப்பு காப்பாற்றும் என்ற பழைய எண்ணம் அங்கே உடைந்து விழுந்தது.

சிங்கப்பூர் கதையும் இதனோடு சேர்ந்தது. 2015இல் தமிழ்நாட்டில் நடந்த இடம்பெயர்வு ஆய்வு, வெளிநாட்டில் இருக்கும் தமிழ்நாட்டவர் சுமார் 22 லட்சம் என்றும், அதிகம் பேர் இருப்பது சிங்கப்பூரில் என்றும் கண்டது. அந்த நாடு 18 நாடுகளின் பட்டியலில் இல்லை. அங்கே போகும் கட்டுமானத் தொழிலாளியின் பெயர் நம் அரசின் கணக்கில் ஏறுவதில்லை. 2005இல் இந்தியாவும் சிங்கப்பூரும் செய்த பொருளாதார ஒப்பந்தத்தில் ஆட்கள் போய்வருவதற்கு ஒரு தனி அத்தியாயம் உண்டு. அது பட்டம் பெற்ற தொழில் வல்லுநர்களைப் பற்றியே அக்கறை கொள்கிறது. ஒர்க் பர்மிட்டில் போகும் கொத்தனார் குடும்பத்தை அழைத்துப் போக முடியாது, அங்கே குடியேறவும் முடியாது. பணக்கார நாடுகள் எங்கும் இதே இரட்டை வழிதான்: மூளைக்குக் குடியுரிமை வரை நீளும் பாதை, கைக்குத் தேதி குறித்த பர்மிட்.   

இந்தத் தொழிலாளிகள் அனுப்பும் பணத்தை நாடு நன்றாகவே எண்ணி வைத்திருக்கிறது. 2023–24இல் இந்தியாவுக்கு வந்த வெளிநாட்டுப் பணத்தில் தமிழ்நாட்டின் பங்கு சுமார் 10 சதவீதம் என்கிறது ரிசர்வ் வங்கி. அனுப்பியவர்களை எண்ணி வைப்பதில்தான் அந்த அக்கறை இல்லை.

1983 சட்டத்தை மாற்ற 2019இலும் 2021இலும் வரைவுகள் வந்தன. 2025 அக்டோபரில் வெளியுறவு அமைச்சகம் இன்னொரு வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிட்டது. அப்படி வரும் எந்தச் சட்டத்திலும் மூன்று விஷயங்கள் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். எந்த நாட்டுக்கு, எந்தப் பாஸ்போர்ட்டோடு வேலைக்குப் போனாலும் பதிவும் காப்பீடும் உண்டு என்பது ஒன்று. ஆள் சேர்க்கும் செலவு முழுவதும் முதலாளியுடையது என்பது இரண்டாவது. நேபாளம் 2015இலேயே விசா, டிக்கெட் செலவை முதலாளி தலையில் வைத்து விதி போட்டது. அங்கே அது முழுமையாக நடக்காததற்குக் காரணம், பக்கத்தில் இருக்கும் நாம் அதைச் செய்யாததும்தான். மூன்றாவது, குறைந்தபட்சச் சம்பள வரம்பை அமைச்சகச் சுற்றறிக்கையால் இரவோடு இரவாகக் குறைக்க முடியாதபடி, நாடாளுமன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்று எழுதி வைப்பது. சப்-ஏஜென்ட்டை இல்லாதவர்போல் பாவிப்பதை விட்டு, அவர் யாருக்காக வேலை செய்கிறாரோ அந்தப் பதிவு பெற்ற ஏஜென்ட்டை அவருடைய ஒவ்வொரு வசூலுக்கும் பொறுப்பாக்கினால், மேலூரில் சப்-ஏஜென்ட் ரசீதில்லாமல் வாங்கும் பணத்தை, ஏஜென்ட் கட்டிய வங்கி உத்தரவாதத்திலிருந்தே திருப்பி வாங்கலாம்.